தபால் பெட்டி வழியே நுழைந்த திருடன்

பெங்களூர் தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேரும் நம்மவரிடம் கான்ட்ராக்டர் முதலில் கேட்பது என்ன? ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், போட்டோ. பல இடங்களில் இவை கம்பெனிக்கு ஈமெயிலில் போகின்றன. அந்த ஈமெயில்கள் வந்து தங்கும் கம்ப்யூட்டருக்கு மெயில் சர்வர் என்று பெயர். அதன் பூட்டு உடைந்தால் வெளியே போவது முதலாளியின் ரகசியம் மட்டுமல்ல, நம் குடும்பங்களின் ரகசியமும்தான்.

இது வீண் பயமல்ல. 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாப்ட் கம்பெனி தனது எக்ஸ்சேஞ்ச் சர்வர் மென்பொருளில் நான்கு ஓட்டைகள் இருப்பதாக அறிவித்து, அவற்றை அடைக்கும் திருத்தத்தையும் வெளியிட்டது. நிறுவனங்கள் தாங்களே வைத்து நடத்தும் சர்வர்களுக்குத்தான் ஆபத்து. எங்கோ இருக்கும் அந்நியன், பாஸ்வேர்டு இல்லாமலே அந்தச் சர்வருக்குக் கட்டளையிடலாம், அதுவும் கீழ்ப்படியும். கடிதம் போட வந்தவன் போஸ்ட் மாஸ்டர் நாற்காலியில் அமர்ந்துகொண்ட கதை! தைவான் நாட்டு ஆய்வாளர்கள் ஜனவரியிலேயே எச்சரித்தார்கள். திருத்தம் வர இரண்டு மாதமாயிற்று. அதற்குள் திருடர்கள் புகுந்து, மறுபடி வருவதற்குக் கள்ளக் கதவும் வைத்துவிட்டார்கள். ஐரோப்பிய வங்கி ஆணையமே தன் மெயிலை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஓட்டையை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவன் போய்விடுவானா?

“கம்ப்யூட்டர் விஷயத்தில் கூலிக்காரனுக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். நம் காகிதம் அங்கே இருக்கிறது. அதனால் நமக்கு வேலை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இத்தகைய ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. அரசாங்கத்துக்குச் சொன்னால் போதுமா? பறிகொடுத்தவனுக்கு யார் சொல்வது? அவனுக்கும் சொல்ல வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, இந்தக் கடமைக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. கம்பெனிகளுக்குப் பதினெட்டு மாதம். திருடனுக்கோ ஓர் இரவு போதும்!

சட்டம் வரட்டும் என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலைக் கொடுத்து, போதுமா என்று கேட்போம். வேலையை விட்டவரின் காகிதங்களை அழிக்கச் சொல்வோம். பூட்டு உடைந்தால் தமிழிலும் கன்னடத்திலும் தொழிலாளிக்கு அறிவிக்க வேண்டும் என்பதை, சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே எழுதுவோம்.

கூலியைக் கணக்குக் கேட்கும் நாம், கொடுத்த காகிதத்துக்கும் கணக்குக் கேட்போம்!