பின்னால் வரும் சக்கரங்களுக்குக் காவல் யார்?

அமெரிக்க நாட்டில் 2007 செப்டம்பருக்குப் பிறகு உற்பத்தியான கார் எதில் ஏறி உட்கார்ந்தாலும், ஓட்டுபவரின் கண்ணெதிரே ஒரு சிறு விளக்கு உண்டு. சக்கரத்தில் காற்று நாலில் ஒரு பங்கு குறைந்தால் அது எரியும். எரிந்தே தீர வேண்டும் என்பது சர்க்கார் விதி. நல்ல விதி, குறை கூற மாட்டோம். ஆனால் அந்தக் காரின் பின்னே கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் வீட்டு வண்டி இருக்கிறதே, கேரவன் என்றும் டிரெய்லர் என்றும் சொல்கிறார்களே, அதன் சக்கரத்துக்கு என்ன காவல்? ஒன்றுமில்லை! முன்னால் ஓடும் நான்கு சக்கரத்துக்குச் சட்டம் விளக்கேற்றி வைத்திருக்கிறது. பின்னால் ஓடும் நான்கு சக்கரமும் இருட்டில் ஓடுகின்றன. அடுப்பும், படுக்கையும், காஸ் குழாயும் இருப்பது அந்தப் பின் வண்டியில்தான்!

"அமெரிக்கக் கனவான் உல்லாசப் பயணம் போகும் வண்டிக்காக நாம் ஏனய்யா கவலைப்பட வேண்டும்?" என்று தோழர்கள் கேட்கலாம். உல்லாசம் என்பது அந்த வண்டிக்குக் கம்பெனிக்காரன் வைத்த பெயர். உள்ளே இருப்பவரைப் பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் பறிகொடுத்தவர்களில் பலர் இந்த வண்டிகளையே வீடாக்கிக் கொண்டார்கள். அறுபது வயதையும் எழுபது வயதையும் தாண்டியவர்கள். வடக்கே சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்கு ஓடுவார்கள். கோடையில் முகாம்களில் கக்கூஸ் கழுவுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கிடங்குகளில் பெட்டி சுமப்பார்கள். இவர்களையே குறி வைத்து ஆள் சேர்க்க அமேசான் கம்பெனி 2008இல் ஒரு தனித் திட்டமே தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தியது. இன்று அத்திட்டம் இல்லை, அலைபவர்கள் இருக்கிறார்கள். ஜெசிக்கா புரூடர் என்ற அம்மையார் 2017இல் எழுதிய 'நோமட்லேண்ட்' என்ற நூல் இவர்கள் கதையைத்தான் சொல்கிறது. ஆக, டயர் வெடித்தால் பணக்காரனுக்குப் பயணம் கெடும். இவர்களுக்கு வீடு போகும்.

டயர் ஏன் வெடிக்கிறது? லாரித் தோழர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்கச் சூடு. சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளே இருக்கும் இழைக்கும் உள்ள பிடிப்பு விடுகிறது. பிறகு ஒரு நொடியில் மேல்பட்டை கிழிந்து பறக்கிறது. காரில் என்றால் ஸ்டியரிங் இழுக்கும், இருக்கை அதிரும், ஓட்டுபவருக்குச் சந்தேகம் வரும். இழுத்துச் செல்லும் வண்டியில் அந்தச் சைகையும் கிடையாது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம் இருந்தால், ஒன்று தளர்ந்தவுடன் அதன் ஜோடி பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. வண்டி சாயாது, ஓட்டுபவருக்குத் தெரியாது. அளவுக்கு மீறிய பாரத்தை இழுத்த ஜோடியும் சிறிது தூரத்தில் போகிறது. பறக்கும் பட்டை சாட்டையாகச் சுழன்று வண்டியின் அடித்தளத்தையும், தண்ணீர்க் குழாயையும், சில சமயம் காஸ் குழாயையும் பிய்த்தெறிகிறது. பெரிய மோட்டார் வீடுகளில் இன்னொரு சங்கடம்: பின்னச்சில் இரட்டைச் சக்கரம், உள்சக்கரம் கண்ணில் படுவதே இல்லை.

கார்களுக்கு விளக்கு வந்த கதையைத் தோழர்கள் அறிய வேண்டும். அது தானாக வரவில்லை. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டியில் பூட்டியவை. அந்த டயர்களோடு தொடர்புடையதாக அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகா கணக்கிட்ட சாவு 271. இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. காற்று 26 பவுண்டு போதும் என்று சொன்னது ஃபோர்டு. 30 பவுண்டு வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். நாலு பவுண்டு காற்றுக்குச் சண்டை. நடுவே 271 பிணம்!

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குறையுள்ள அந்த டயர்களில் பெரும் பங்கு இல்லினாய் மாகாணத்து டிகேட்டர் ஆலையில் செய்யப்பட்டவை. அந்த ஆலையில் 1994இல் தொழிலாளர் வேலைநிறுத்தம். கம்பெனி வெளி ஆட்களைக் கொண்டுவந்து உற்பத்தியை ஓட்டியது. அந்தத் தகராற்றுக் காலத்தில் அங்கே செய்யப்பட்ட டயர்களே அதிகம் பழுதாயின என்று குரூகர், மாஸ் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2004இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தொழிற்சங்கக்காரன் சொன்னால் பிரசாரம் என்பார்கள். இதைச் சொன்னவர்கள் பேராசிரியர்கள்.

அந்தக் கொந்தளிப்பில்தான் 2000 நவம்பர் 1ஆம் தேதி புதிய சட்டம் கையெழுத்தாயிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் (நம் ஊர்க் காங்கிரஸ் அல்ல, அந்நாட்டுப் பாராளுமன்றம்) இட்ட கட்டளை தெளிவானது: புதிய மோட்டார் வண்டிகளில் காற்றுக் குறைவை ஓட்டுபவருக்கு அறிவிக்கும் கருவி வேண்டும். இலாகா 2002இல் விதி எழுதியது. எப்படி எழுதியது? ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று இறங்கினால் கண்டுபிடிக்கும் மலிவான முறையும் போதும் என்று கார் முதலாளிகளுக்கு இடம் விட்டு எழுதியது. நான்கும் சமமாகத் தளர்ந்தால் அந்தக் கருவி வாய் திறக்காது! பப்ளிக் சிட்டிசன் முதலிய பொதுநல அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2003இல் கோர்ட்டு அந்த ஏற்பாட்டைத் தள்ளியது. 2005இல் நான்கு சக்கரத்தையும் காக்கும் விதி வந்தது. வழக்காடியதால் வந்தது.

அந்த விதியும் எங்கே நின்றது பாருங்கள். 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ வரை எடை அனுமதிக்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டும். இரட்டைச் சக்கரம் உள்ளவைக்கு இல்லை. டிரெய்லருக்கு அறவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கச் சட்டத்தின் சொற்படி "மோட்டார் வண்டி" என்றால் எஞ்சினால் ஓடுவது மட்டுமல்ல, எஞ்சினால் இழுக்கப்படுவதும் மோட்டார் வண்டிதான். பாராளுமன்றம் திறந்து வைத்த கதவை இலாகா பாதி சாத்திவிட்டது. அதே சட்டத்தின்கீழ் கார் டயர்களுக்கான சோதனை கடுமையாக்கப்பட்டது. டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயருக்கு அந்தக் கடுமையும் இல்லை. 1970களில் வகுத்த பழைய சோதனையே அதற்கு இன்னும் போதுமாம்!

"டிரெய்லரை இன்று ஒரு கார் இழுக்கும், நாளை வேறொன்று இழுக்கும், விளக்கை எங்கே வைப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் டிரெய்லரின் பிரேக் விளக்கு எரிவது எப்படி? முன் வண்டியிலிருந்து வரும் மின் இணைப்பால்தானே! பிரேக்குக்குக் கிடைத்த வழி காற்றுக்கு ஏன் கிடைக்காது? ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புதிய டிரெய்லர்களுக்கு இக்கருவி கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கும் சிறிய கேரவன் வெளியேதான் நிற்கிறது என்பது வேறு வருத்தம். அமெரிக்காவில் சில கம்பெனிகள் தாமே பொருத்தி விற்கின்றன; விளம்பரத்துக்கு உதவுகிறது என்பதால். எந்த மாடலில் லாபமோ அந்த மாடலில் பாதுகாப்பு!

கையில் காசுள்ளவர் கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். வால்வு மூடி போன்ற சிறு கருவி. ரேடியோ அலை வழியே காற்றளவையும் சூட்டையும் சொல்லும். நீண்ட வண்டியாக இருந்தால், தகரச் சுவர்களைத் தாண்டி அலை வந்து சேர நடுவில் ஒரு துணைக் கருவியும் வேண்டியிருக்கும். ரப்பர் வால்வில் இந்தப் பாரத்தை மாட்டக்கூடாது. உலோக வால்வு வேண்டும். கார் விளக்கு நாலில் ஒரு பங்கு குறைந்த பிறகே எரியும் என்றோம். 80 பவுண்டு வேண்டிய டிரெய்லர் டயருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 60 பவுண்டில்தான் எச்சரிக்கை. பாரம் ஏற்றிய டயருக்கு அது மிகவும் தாமதம். எனவே எச்சரிக்கை அளவை மேலே வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவி இல்லாதவர் என்ன செய்வது? நம் லாரித் தோழர்கள் கம்பியால் டயரைத் தட்டிப் பார்ப்பதைப் போல அமெரிக்க லாரிக்காரர்களும் கட்டையால் தட்டுகிறார்கள். அடியோடு இறங்கிய டயரை அது காட்டும். 80க்கும் 60க்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் சொல்ல முடியாது. அளவுமானி வேண்டும். காலையில், வண்டி நகருமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. வெயில் ஊரிலிருந்து குளிர் ஊருக்குப் போனால் ஒவ்வொரு 5, 6 டிகிரிக்கும் நூற்றுக்கு இரண்டு பங்கு போல அளவு இறங்கும். மாதக் கணக்கில் நின்ற வண்டியோ, ஆணி ஏறாமலே தளர்ந்திருக்கும்.

இவ்வளவையும் எழுபது வயது மூதாட்டி, கிடங்கில் பத்து மணி நேரம் நின்ற காலோடு, குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்க்க வேண்டும் என்கிறது இன்றைய ஏற்பாடு. புதுச் சட்டம்கூட வேண்டாம். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லே போதும். இலாகா தன் 2005ஆம் ஆண்டு விதியில் டிரெய்லரையும், இரட்டைச் சக்கர மோட்டார் வீட்டையும் சேர்க்கட்டும் என்கிறோம். டிரெய்லர் டயரின் சோதனையைக் கார் டயரின் சோதனைக்குச் சமமாக உயர்த்தட்டும் என்கிறோம். முதல் விதியைத் திருத்த ஒரு வழக்கு வேண்டியிருந்தது. இதற்கும் வழக்குத்தான் வேண்டுமா, அல்லது இன்னொரு 271 வேண்டுமா?