காட்டு வழியும் காணிக்காரர் பூட்டும்

கேர்ஷோப் என்னும் ஓடை பெரியதன்று. ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள எல்லையின் ஒரு பகுதியாக அது ஓடுகின்றது. அதன் இரு கரையிலும் ஒரே காடு; ஒரே ஊசியிலை மரம்; மரம் ஏற்றும் லொறிகளுக்காக அரசாங்கப் பணத்தில் இடப்பட்ட ஒரே மாதிரியான கிரவல் வீதி. வடகரையில் துவிச்சக்கர வண்டி ஓட்டி வருபவன் சட்டம் தந்த உரிமையோடு வருகின்றான். ஓடையைத் தாண்டித் தென்கரையில் கால் வைத்தானோ, குதிரைப் பாதையென்று குறிக்கப்பட்ட சில வழிகள் நீங்கலாக, அவன் பிறர் தயவில் நிற்பவனாகிவிடுகின்றான். மரம் மாறவில்லை, மண் மாறவில்லை, மனிதனும் மாறவில்லை. மாறியது சட்டம் ஒன்றே. இந்த வேற்றுமைக்கு நியாயம் யாது என்று நாம் கேட்கின்றோம்.

காட்டுக்குள் சைக்கிள் ஓட்டும் பொழுதுபோக்கு ஓர் அரசியல் வார இதழில் எழுதத்தக்க விடயமா என்று சில வாசகர் முகஞ்சுளிக்கக்கூடும். கந்தோருக்கும் தோட்டத்துக்கும் போய்வரும் வாகனமாகவே அதனை அறிந்தவர் நம்மிற் பலர். கல்லும் சேறும் நிறைந்த மலைவழியில், வேண்டுமென்றே வருந்தி ஏறுவதில் என்ன இன்பம் என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆயினும் இங்கே வழக்கு இன்பத்தைப் பற்றியதன்று. பொதுமக்கள் பணத்தில் இட்ட வீதியில் ஒருவன் போவது அவனது உரிமையா, அன்றேல் நினைத்தபோது தந்து நினைத்தபோது பறிக்கும் சலுகையா என்பதே வழக்கு.

கிளாஸ்கோ நகருக்கு வடக்கே அபர்போயில் என்று ஒரு சிற்றூர் உண்டு. அதனைச் சூழ்ந்த காடுகள் 1953இல் எலிசபெத் மகாராணி வனப்பூங்கா என்று பெயர் பெற்றன. 2002இல் அமைந்த லொக் லோமண்ட் - திரொசக்ஸ் தேசியப் பூங்காவினுள் அவை இன்று அடங்குகின்றன. கிரவல் வீதியில் ஓட்டும் வண்டிக்காரர் அவ்வூரையே தம் தலைநகராக்கிக்கொண்டனர். ஊரின் பெயரையும் கிரவலையும் ஒட்டவைத்து 'கிரவல்போயில்' என்று அவர்கள் வழங்கும் வேடிக்கைப் பெயர் இப்போது நிலைத்தும்விட்டது. வழிகள் எளியவை அல்ல. ஏற்றத்தில் பின்சக்கரம் பிடியற்றுச் சுழலும். இறக்கத்தில் உதிரிக் கல்லில் முன்சக்கரம் வழுக்கும். மழையோ சொல்லாமல் வரும். ஆனால் பின்னால் வந்து குழலூதி விரட்டும் மோட்டார் அங்கே இல்லை. பத்து வயதுப் பிள்ளையைத் தனியே முன்னே விட்டுத் தாய் பின்னே வரலாம். நெடுஞ்சாலையில் இதனை எந்தத் தாய் துணிவாள்?

அக்காட்டினிடையே கல்லாற் கட்டிய உருண்டைக் கூடுகள் ஆங்காங்கே தென்படும். அவை எந்தப் பிரபுவின் நினைவுச் சின்னமும் அல்ல. கற்றீன் ஏரியின் நீரைக் கிளாஸ்கோ மக்களுக்குக் கொண்டுபோகும் நிலத்தடிச் சுரங்கத்தின் காற்றுப்போக்கிகள் அவை. 1859இல் அந்த நீர்வழி திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து நகரத்து ஏழைகளுக்குத் தண்ணீர் கொடுத்த காலத்தில் காணியின் புனிதத்தைப் பற்றி இத்தனை கூக்குரல் எழுந்திருந்தால் அந்த நகரம் தாகத்தால் வாடியிருக்கும்.

வீதிகளும் அவ்வாறே. முதலாம் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரித்தானிய அரசு, 1919இல் வன ஆணைக்குழுவை நிறுவியது. அவ்வாணைக்குழு பொதுப்பணத்திற் காடு வளர்த்தது. வளர்ந்ததை வெட்டி ஏற்ற வீதி போட்டது. லொறிகள் வராத நாட்களில் அந்த வீதிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றில் இருசக்கரம் உருள்வதால் எவர்க்கு என்ன குறைந்துபோகின்றது?

ஸ்கொத்லாந்தின் பாராளுமன்றம் இதற்கு 2003இல் விடையிறுத்தது. அவ்வாண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் 2005 பெப்ரவரி 9ஆம் நாள் முதல் செயற்பட்டு வருகின்றது. நடந்தோ, குதிரையிலோ, துவிச்சக்கர வண்டியிலோ, பொறுப்போடு, பெரும்பாலான நிலத்தினூடாகவும் நீரினூடாகவும் போகும் உரிமையை அது எல்லார்க்கும் தந்தது. மாற்றுத்திறனாளிகளின் ஊர்தி நீங்கலாக, மோட்டாருக்கு அந்த உரிமை இல்லை.

நம் கமக்காரர் இவ்விடத்தில் நிமிர்ந்து உட்காருவர் என்பதை அறிவோம். 'என் பயிருக்குள் வண்டி விடுவதா?' என்பது அவர்களின் கேள்வி. இல்லை. விதைத்த நிலமும் பயிர் நிற்கும் நிலமும் உரிமைக்குப் புறம்பானவை. வரம்போரமாகப் போகலாம், பயிரை மிதித்தல் ஆகாது. வீட்டு வளவுக்குள்ளும் எவரும் நுழைதல் ஆகாது. மரம் வெட்டும் இடத்தில் வழியை மாற்றிவிடலாம். விழுந்து காலை முறித்தவன் காணிக்காரர்மேல் வழக்குத் தொடுப்பானே என்ற அச்சத்துக்கும் இடமில்லை. காணிக்காரரின் கவனக்கடமையை இச்சட்டம் கூட்டவில்லை என்று அதன் ஐந்தாம் பிரிவே கூறுகின்றது. உழுதுண்பவனை அது வருத்தவில்லை. வருந்தினோர் வேறு வகையினர். தனியார் காணியிற் பாதி 500க்கும் குறைந்தோர் கையில் இருக்கும் நாடு அது என்பதை மறத்தலாகாது.

சட்டம் வந்ததும் பூட்டுகள் தாமே கழன்று விழுந்தன என்று நாம் சொல்லவில்லை. லொக் ஆட் ஏரிக்கு அண்மையிலேயே, லிக்டென்ஸ்டைன் நாட்டிற் பதிவுசெய்த கம்பனி ஒன்றுக்கு உரிய பெருங்காணி இருக்கின்றது. அதன் படலைகள் பூட்டப்பட்டிருந்தன. காட்டுப்பன்றி உண்டென எச்சரிக்கும் பலகைகளும் தொங்கின. பூங்கா அதிகார சபை வழக்காடியது. சட்டம் வருமுன்னரே போட்ட பூட்டு இது என்று காணித் தரப்பு வாதித்தது. கேட்டீர்களா வாதத்தை! பழைய பூட்டென்றால் அதற்குப் பரம்பரை உரிமை உண்டாம்! 2018இல் ஸ்கொத்லாந்தின் மேனீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிப் பூங்கா சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு படலையைத் திறக்க இத்தனை ஆண்டு சென்றது வெட்கத்துக்குரியது. ஆனால் உரிமை என்று எழுத்தில் இருந்தபடியாலன்றோ வழக்காடவும் முடிந்தது? சலுகையைப் பறித்தால் எந்த நீதிமன்றத்தின் படியேறுவது?

இனி இங்கிலாந்தைப் பார்ப்போம். 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் துவிச்சக்கர வண்டியை அனுமதித்தது. அனுமதித்த கையோடு, வண்டிக்காரருக்காக அப்பாதைகளைச் செப்பனிடும் கடமை எவர்க்கும் இல்லையென்றும் எழுதிவைத்தது. இன்றும் அந்நாட்டின் பொதுவழிகளில் ஏறத்தாழ 22 வீதமே வண்டிக்காரருக்கு உரியது. 2000ஆம் ஆண்டின் சட்டம் நாட்டின் 8 வீத நிலத்தைத் திறந்துவிட்டது. அதுவும் கால்நடையாகப் போவோர்க்கு மட்டும். வாகனம் கூடாது என்ற அதன் விலக்கில், மோட்டார்க் காரும் மிதிவண்டியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. புகை கக்கும் இயந்திரத்தையும் மனிதன் தன் காலால் மிதிக்கும் சக்கரத்தையும் வேறுபிரித்தறியாத சட்டத்தை என்னவென்பது?

'அதனால் என்ன, வனத் திணைக்களம் அனுமதிக்கின்றதே' என்பர் சிலர். அனுமதிக்கின்றது, மெய்தான். அனுமதியின் ஆயுள் எவ்வளவு என்பதை அவர்கள் மறந்தனர் போலும். 2010இல் ஆட்சியேறிய கூட்டு அரசாங்கம் இங்கிலாந்தின் பொதுக்காடுகளை விற்றுவிட முனைந்தது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு எதிர்த்தபின், 2011 பெப்ரவரியில் அது பின்வாங்கியது. விற்பனை நடந்திருந்தால் வண்டிக்காரர் பெற்றிருந்த அனுமதி வாங்கியவரின் விருப்பத்தில் தொங்கியிருக்கும். அன்று காட்டைக் காத்தது திணைக்களத்தின் பெருந்தன்மையன்று, மக்களின் சினம்.

தொழிற்கட்சியின் கதை இன்னும் சுவையானது. எதிர்க்கட்சியாக இருந்தபோது, ஸ்கொத்லாந்து முறையை இங்கிலாந்துக்கும் கொண்டுவருவோம் என்று 2023இன் முற்பகுதியில் அக்கட்சியினர் முழங்கினர். அதே ஆண்டு முடியுமுன் அம்முழக்கம் அடங்கிவிட்டது. காணிக்காரர் ஒரு கண்ணைக் காட்ட, ஏழைகளின் கட்சி இரு கண்ணையும் மூடிக்கொண்டது. மறு ஆண்டு ஆட்சிக்கு வந்தவர்கள், கைவிட்ட வாக்குறுதிக்கு என்ன காரணம் சொல்வர்?

எதிர்ப்போர் கூறுவதில் ஒன்றை மட்டும் நாம் தலைவணங்கிக் கேட்கின்றோம். கேர்ன்கோர்ம் காடுகளில் கப்பர்கெய்லி என்னும் பெரிய காட்டுக்கோழி வாழ்கின்றது. 2021-22 கணக்கெடுப்பின்படி ஸ்கொத்லாந்து முழுவதிலும் ஏறத்தாழ 542 பறவைகளே எஞ்சியுள்ளன. இளவேனிலில் அவை கூடும் இடங்களை வண்டிச் சத்தம் கலைத்தால் இனமே பாழாகும். ஆகவே அப்பருவத்தில் அவ்விடங்களை விட்டு விலகியிருத்தல் வண்டிக்காரர் கடமை. செய்யாதவன் பொறுப்பற்றவன், அவனுக்காக நாம் வாதாடவரவில்லை. ஆயினும் பறவையின் பெயரால் முதலைக்கண்ணீர் வடிப்போர் அதன் பழைய சரித்திரத்தையும் படிக்கட்டும். அப்பறவை 18ஆம் நூற்றாண்டிலேயே அந்நாட்டில் அற்றுப்போனது. 1837இல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து மீண்டும் விட்டனர். அதனை முதன்முறை அழித்தவை காட்டை வெட்டிய கோடரியும் வேட்டைக்காரரின் துப்பாக்கியும். துவிச்சக்கர வண்டி அன்று பிறக்கவேயில்லை.

2009இல் இன்னொரு வழக்கில், நடப்போரையும் வண்டிக்காரரையும் விட்டுக் குதிரைகளை மட்டும் தடுத்த காணிச் சொந்தக்காரர் பக்கமே ஸ்கொத்லாந்து மேனீதிமன்றம் நின்றது. குளம்பு பட்டுப் பாதை குழியாகும் என்ற காரணம் நியாயமானதென்று அது கண்டது. நியாயமான காரணம் காட்டுவோர்க்கு அச்சட்டத்தில் இடம் உண்டு. காரணமின்றிப் பூட்டுவோர்க்கே இடமில்லை.

கேர்ஷோப் ஓடைக்கு வடகிழக்கே, அதே எல்லைக்கோட்டில், 'பிளடி புஷ்' என்று பெயர்கொண்ட மேட்டில் ஒரு பழைய கற்றூண் நிற்கின்றது. முற்காலத்திற் காணிப் பிரபுக்கள் தம் வீதியால் வந்தோரிடம் பெற்ற சுங்கப் பட்டியல் அதிற் செதுக்கப்பட்டிருக்கின்றது. குதிரைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு. சுங்கம் அறவிடுவோர் இன்று அங்கில்லை. தூணைக் கடந்து தெற்கே இறங்கும் வண்டிக்காரர் இன்றும் அனுமதியில்தான் இறங்குகின்றனர்.