புதுப்பித்தலும் பொறுப்புணர்வும்

“சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்” என்னும் சொற்களைக் கேட்டுத் திரும்பாதார் பூந்தமல்லியில் இலர் எனலாம். சான்றிதழ் வேண்டி ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்ற நாமும் ஒருநாள் வெறுங்கையுடன் திரும்பினோம். முதல்நாள் இரவு சர்வரின் மென்பொருளைப் புதுப்பித்திருக்கின்றனர். காலையில் அது இயங்கவில்லை. பழைய நிலைக்கு மீளப் படியும் எடுத்து வைக்கவில்லை. இவற்றைப் பின்னர் வினவி அறிந்தோம். இது கருவியின் குற்றமா? பேணுவோரின் குற்றமா?

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என வினவலாம். நமக்கு இது புதிய செய்தி அன்று. பனையோலை நாளடைவில் செல்லரிக்கும். ஆதலின் முன்னோர் நூல்களைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதாத நூல் அழிந்தது. கவனமின்றிப் பெயர்த்தெழுதிய நூல் பிழைபட்டது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல பிரதிகளை ஒப்புநோக்கிய பின்னரே அதனை அச்சேற்றினார். சர்வரைப் பேணும் நெறியும் இதுவே.

காலந்தாழ்த்தலும் கேடு, அவசரமும் கேடு. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத்தைப் பலர் நிறுவாது விட்டனர். மே 12ஆம் நாள் வான்னாகிரை பரவியபோது பிரிட்டனின் மருத்துவமனைகள் பலவும் தடுமாறின. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. நம் நாட்டிலும் விமானப் பயணியர் பலர் கையால் எழுதிய சீட்டுடன் பறந்தனர்.

நடுவழி ஒன்று உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்திற்கு அடிப்படையாய் அமைந்தது டெபியன். அங்குப் புதிய மென்பொருள் முதலில் ‘நிலையற்றது’ எனும் பிரிவில் நுழையும், குறை பெரிதும் இலதாயின் ‘சோதனை’ப் பிரிவிற்குச் செல்லும், இறுதியிலேயே ‘நிலையானது’ ஆகும். அவையோர் ஆராய்ந்து ஏற்கும் அரங்கேற்றம் அன்றோ இது! ஒரு மென்பொருள் வேறு எவற்றைச் சார்ந்துள்ளது என்பதை ‘ஆப்ட்’ என்னும் கருவி கணக்கிடும். மின்னியல் கையொப்பத்தைச் சரிபார்த்தே நிறுவும்.

எனினும், முன்னதாகப் படியெடுத்தலும், அப்படியிலிருந்து மீள முடிகிறதா எனச் சோதித்தலும், வேறொரு பொறியில் முதலில் நிறுவிப் பார்த்தலும், மக்கள் வாராத நேரத்தைத் தேர்தலும், செய்ததைக் குறிப்பேட்டில் எழுதலும் மனிதர் கடன். பொறி வாங்கப் பெருந்தொகை ஒதுக்கும் நிறுவனங்கள், அதைப் பேணப் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தத் தயங்குவது முறையன்று. கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல.

மாணவரின் மதிப்பெண்ணும் முதியோரின் ஓய்வூதியக் கணக்கும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்கள். அவற்றை ஏடு காத்த கவனத்தோடு காக்க முனைவோமாக!