நாலாவது மூட்டை

புரட்டாசிக் கடைசியில் ஓட்டப்பிடாரம் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் நாலு மூட்டை உரம். ஒரு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளத்துக்கு. மூட்டையில் சாய்ந்துகொண்டு பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு பேத்தி.

"தாத்தா, இந்த வகைக்கெழுவ வச்சு நான் என்ன செய்யப்போறேன்?"

"எனக்கென்ன தெரியும் தாயி? உங்க சித்தப்பாட்ட கேளு."

"நீ சாய்ஞ்சிருக்கியே, அந்த மூட்டைலதான் இருக்கு" என்றேன்.

எண்களை எளிதாக வைத்துக்கொள்வோம். உரமே போடாவிட்டால் 8 குவிண்டால். எவ்வளவு போட்டாலும் 16-ஐத் தாண்டாது. முதல் மூட்டையில் விளைச்சல் 12 ஆகிறது. இரண்டாவதில் 14, மூன்றாவதில் 15, நாலாவதில் பதினைந்தரை. ஒவ்வொரு மூட்டையும் உச்சத்துக்குப் பாக்கியிருக்கும் தூரத்தில் பாதியைத்தான் கடக்கிறது.

இது என் கற்பனை இல்லை. விளைச்சல் கூடும் வேகம், உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைப் பொறுத்தது என்று 1909-ல் ஜெர்மன் மண்ணியல் அறிஞர் எயில்ஹார்ட் மிட்ஷெர்லிச் எழுதிய விதிதான். அந்தக் 'கூடும் வேகம்'தான் வகைக்கெழு. மூட்டையைக் கிலோவாக, கிலோவைக் கிராமாகச் சுருக்கிக்கொண்டே போனால், வளைகோட்டின் ஒரு புள்ளியில் உள்ள சாய்வு கிடைக்கும். இங்கே சாய்வு நேர்மறை, அதனால் விளைச்சல் ஏறுகிறது. ஆனால் சாய்வே குறைந்துகொண்டு வருகிறது, அதாவது இரண்டாம் வகைக்கெழு எதிர்மறை.

"அப்போ டிஒய் பை டிஎக்ஸ் பூஜ்யமாகுற இடத்துல நிறுத்தணும். அதான சித்தப்பா பெருமம்?"

பரீட்சைக்குச் சரியான பதில். ஆனால் இந்த வளைகோட்டில் சாய்வு பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. (கண்டபடி கொட்டினால் பயிர் கருகி எதிர்மறைக்கே போய்விடும், அது வேறு கதை.) பூஜ்யத்துக்குக் காத்திருந்தால் மூட்டை வாங்கியே மாளாது.

பெரியப்பாவுக்கு வேண்டியது விளைச்சலின் உச்சம் இல்லை, லாபத்தின் உச்சம். மூட்டைக்குக் கூலியோடு 1,500 ரூபாய், குவிண்டாலுக்கு 2,000 ரூபாய் என்று வையுங்கள். மூன்றாவது மூட்டை ஒரு குவிண்டால் தருகிறது, 500 ரூபாய் மிச்சம். நாலாவது தருவது அரைக் குவிண்டால், 500 ரூபாய் நஷ்டம். விளைச்சல் கூடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டிய இடம் வந்துவிடுகிறது.

பெரியப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "அந்த 16 யார் குடுத்த வாக்குடா? மழையில்லா குடுக்கணும்?"

அங்கேதான் கரிசல்காட்டுக் கணக்கு புத்தகத்திலிருந்து விலகுகிறது. மழை ஏமாற்றினால் உச்சமே 7 ஆகிவிடும், உரமில்லாமல் 5. அப்போது முதல் மூட்டை ஒரு குவிண்டால் தரும். இரண்டாவது அரைதான், அதிலேயே நஷ்டம் தொடங்கிவிடும். அதே நிலம், அதே உரம், வேறு வளைகோடு. எந்த வளைகோட்டில் நிற்கிறோம் என்பது விதைக்கிற அன்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் மானாவாரிக்காரர்கள் அடியுரத்தை அளவாகப் போட்டுவிட்டு, மேலுரத்துக்கு வானத்தைப் பார்க்கிறார்கள்.

"ஒண்ணு மட்டும் இப்பப் போடுவோம்" என்றார் பெரியப்பா.

ஐப்பசி பாதியில் போன் செய்தேன். பேத்திதான் எடுத்தாள்.

"ஒரு மழை பெஞ்சிருக்கு சித்தப்பா. தாத்தா இன்னொரு மூட்டையப் பிரிச்சிட்டார். மிச்சம் ரெண்டும் திண்ணைலதான் இருக்கு."

"நாலாவது?"

"அதத் திருப்பிக் குடுத்தா கடைக்காரர் எடுத்துப்பாரான்னு கேக்கப் போயிருக்கார்."