கியர் பெட்டிக்கும் காய்ச்சல் வரும்



விருத்தாசலத்தை அடுத்த நல்லூரிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். பல்லாண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். சபுர் வாழ்க்கையில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, ஏழு பேர் அமரக்கூடிய ஆட்டோமேடிக் கியர் வண்டியொன்றைப் பழையதாக வாங்கி வாடகைக்கு ஓட்டி வருகிறார். திருமண வீடு, விமான நிலையம், பெருநாள் விடுமுறையில் ஏற்காடு என்று வண்டிக்கு ஓய்வில்லை. அண்மைக் காலமாக, மலையில் பாதித் தொலைவு ஏறியதுமே கியர் பெட்டி சூடாகிவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரிகிறதாம். ஒரு பட்டறையில், "கியர் பெட்டியையே மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். செலவோ லட்சக் கணக்கில். இன்னொரு பட்டறையில், "கூடுதலாக ஓர் ஆயில் கூலர் வைத்தால் போதும், சில ஆயிரங்களில் முடிந்துவிடும்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

இது அவர் ஒருவருடைய கேள்வி மட்டும் அன்று. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத வண்டிகள் இன்று சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. அவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் பலர். அவற்றின் உடல்நிலையை அறிந்தவர்கள் சிலரே. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் சுழல விடுங்கள். அதன் காற்று பட்டு மற்றொன்றும் மெல்லச் சுழலத் தொடங்கும். ஆட்டோமேடிக் வண்டியில் உள்ள டார்க் கன்வெர்ட்டரின் தத்துவம் இதுதான். காற்றுக்குப் பதிலாக அங்கே எண்ணெய் இருக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ஆம் ஆண்டில், கப்பல்களுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அது மோட்டார் வண்டிக்கு வந்து சேர்ந்தது.

எஞ்சின் சுழற்றும் விசிறிக்கும் சக்கரங்களை நோக்கிச் செல்லும் விசிறிக்கும் இடையே வேக வேறுபாடு இருக்கும் வரை, எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி எண்ணெயைக் கலக்குவதிலேயே செலவாகிறது. அவ்வாறு செலவாகும் ஆற்றல் எங்கும் மறைந்து போவதில்லை; முழுவதும் வெப்பமாக மாறி எண்ணெயில் தங்குகிறது. சமவெளியில் சீரான வேகத்தில் செல்லும்போது, டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்போது வெப்பம் குறைவு. மெதுவாக மலையேறும்போது அந்தப் பூட்டு அடிக்கடி விடுபடும். அப்போது வெப்பம் பெருகும். வேகமின்மையால் வந்து மோதும் காற்றும் குறைந்துவிடும். வரவு கூடி, செலவு குறைந்த நிலை அது.

ஒரு கணக்கைப் பாருங்கள். நல்லூர்ச் சகோதரர் வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் சென்று, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகிறார். சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் சேர்த்து வண்டியின் எடை 2,400 கிலோ என்று கொள்வோம். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கவே ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கியர் பெட்டியில் வெப்பமாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 1,000 வாட் தண்ணீர் ஹீட்டரை அந்த எண்ணெய்க்குள் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகப் போட்டு வைத்ததற்கு அது ஒப்பாகும். வெளியே கத்திரி வெயில், உள்ளே ஏ.சி. என்றால் கேட்க வேண்டியதே இல்லை.

எண்ணெய் கெட்டால் எல்லாம் கெடும்

இந்த எண்ணெய் வெறும் மசகு எண்ணெய் அன்று. விசையைக் கடத்துவது, உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பது, வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவது ஆகிய அனைத்தும் இதன் வேலைகளே. சுமார் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இது நலமாகப் பணியாற்றும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மெக்கானிக்குகளிடையே வழங்கும் உத்தேசக் கணக்கு. 120 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால், எண்ணெயில் கலந்துள்ள காப்புப் பொருள்கள் சிதைகின்றன. ரப்பர் சீல்கள் இறுகுகின்றன. 150 டிகிரியை நெருங்கினால் கிளட்ச் தகடுகள் கருகத் தொடங்கும். கருகிய தகடு வழுக்கும். வழுக்கும் தகடு மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அதற்குப் பின் நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

இதைத் தடுப்பதற்காகவே, பல வண்டிகளில் கியர் பெட்டியின் எண்ணெய் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு குளிர்விப்பானுக்குச் சென்று திரும்புகிறது. ஆனால் அங்கே சுற்றியிருப்பது எஞ்சினின் தண்ணீர். அதுவே 90 டிகிரி அளவில் கொதித்துக்கொண்டிருக்கும். அதைவிடக் குறைந்த வெப்பநிலைக்கு எண்ணெயை அது கொண்டுவர முடியாது. இந்த எல்லையைக் கடக்கத்தான் துணைக் குளிர்விப்பான் தேவைப்படுகிறது. வளைகுடா நாடுகளில் மணல்மேடுகளில் வண்டி ஓட்டுவோர் பலர் இதைப் பொருத்திக்கொள்வது வழக்கம். அங்கே பணியாற்றிய சகோதரர்கள் இதைப் பார்த்திருக்கக்கூடும். பாரம் இழுக்கும் பிக்கப் வண்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தருகிறார்கள்.

எல்லாப் பெட்டிக்கும் இது மருந்தன்று

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகைக் கியர் பெட்டி என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 2014-இல் மாருதி செலெரியோ மூலம் பரவலான ஏ.எம்.டி. என்னும் வகை, சாதாரணக் கியர் பெட்டிதான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஓர் இயந்திரம் செய்கிறது. அதில் சூடாவது உலர்ந்த கிளட்ச் தகடு. அங்கே எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு வேலையே இல்லை. அதை விற்க முயல்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். சி.வி.டி. வகைக்குத் தனி எண்ணெய் உண்டு. அதற்குரிய குளிர்விப்பானைத் தயாரிப்பாளரின் அறிவுரைப்படியே வைக்க வேண்டும். இங்கே நாம் பேசுவது டார்க் கன்வெர்ட்டர் உள்ள பெட்டியைப் பற்றி மட்டுமே.

முதலில் நோயை அறியுங்கள்

காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி என்பார்கள் மருத்துவர்கள். கியர் பெட்டியின் சூடும் அப்படித்தான். நெற்றியில் ஈரத்துணி போடுவதற்கு முன் காய்ச்சலின் காரணத்தைத் தேட வேண்டும்.

எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் நல்ல எண்ணெய் சிவந்து, தெளிவாக இருக்கும். பழுப்பேறித் தீய்ந்த வாடை வீசினால் அது வெந்துவிட்டது என்று பொருள். இளஞ்சிவப்பான பால்போலக் கலங்கியிருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், ஃபிரான்டியர், எக்ஸ்டெர்ரா வண்டிகளில், ரேடியேட்டருக்குள் இருந்த குளிர்விப்பான் விரிசல் விட்டு இவ்வாறு கலந்ததால் அமெரிக்காவில் வழக்குகள் எழுந்தன. நிறுவனம் ரேடியேட்டருக்கான உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது.

அடுத்து, ரேடியேட்டரைப் பாருங்கள். நம் பகுதியில் கூலன்ட் வாங்கச் சோம்பி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவோர் உண்டு. தண்ணீரின் உப்பு, அடுப்பில் வைத்த பாத்திரத்தில் படிவதுபோல் ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் புழுதியும் பூச்சிகளும் அப்பியிருக்கும். விசிறி சரியாகச் சுழலாமலும் இருக்கலாம். இவற்றைச் சீர்செய்ததும் கியர் பெட்டியின் சூடு தானாகத் தணிந்த வண்டிகள் உண்டு.

அதன்பின் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு வேலை செய்கிறதா, கியர் வழுக்குகிறதா, சமவெளியிலும் மலையிலும் எண்ணெயின் வெப்பநிலை எவ்வளவு என்பனவற்றைப் பெரும்பாலான வண்டிகளில் அது காட்டிவிடும். எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்பது செய்தி. 118 டிகிரி என்பது சான்று. சான்றைப் பார்க்காமல் லட்சங்களையும் செலவிடாதீர்கள், ஆயிரங்களையும் செலவிடாதீர்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

எண்ணெய் நன்றாக இருந்து, கியர் வழுக்காமல், சமவெளியில் இயல்பாகவும் மலையில் மட்டும் சூடாகவும் இருந்தால், துணைக் குளிர்விப்பான் உண்மையிலேயே பயன் தரும். ஆனால் அதைச் சரியாகப் பொருத்த வேண்டும்.

அடுக்குத் தகடு வகைக் குளிர்விப்பான், வளைந்த ஒற்றைக் குழாய் வகையைவிடச் சிறந்தது. அதை வண்டியின் முன்புறத்தில், ஏ.சி. கன்டென்சருக்கு முன்னால், காற்று நேரே வந்து மோதும் இடத்தில், சிறிது இடைவெளி விட்டுத் தனிச் சட்டத்தில் பொருத்த வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் பிளாஸ்டிக் பட்டையைக் கோத்துக் கட்டினால், நாளடைவில் அதிர்வினால் ஓட்டை விழும்.

எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்குள் சென்று, பின்னர் துணைக் குளிர்விப்பானுக்கு வந்து, அங்கிருந்து கியர் பெட்டிக்குத் திரும்புவதே நல்ல வரிசை. எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் தடித்துப்போய்க் கியர் மாறுவது கெடும். சூளையைச் சட்டென்று திறந்து பீங்கானைக் குளிர வைத்தால் விரிசல் விடும் என்பதை விருத்தாசலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெப்பம் பகையன்று, அளவு மீறிய வெப்பமே பகை.

குழாய்கள் கியர் எண்ணெயின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த பெட்ரோல் குழாயை மாட்டக் கூடாது. அவை சைலன்சர் குழாயை ஒட்டியும் செல்லக் கூடாது. சூடான சைலன்சரின் மீது இந்த எண்ணெய் கசிந்தால் தீப்பிடிக்கும். ஏழு உயிர்கள் அமர்ந்திருக்கும் வண்டி என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பொருத்திய பின் கூடுதலாகத் தேவைப்படும் எண்ணெயை, உரிய வகையில், உரிய வெப்பநிலையில் அளவு பார்த்து நிரப்ப வேண்டும். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற பட்டறையைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

ஓட்டும் முறையும் மருந்தே

மலையேறும்போது 'டி'யில் போட்டுவிட்டு அமர்ந்திராமல், கைமுறை நிலையிலோ 'எல்' நிலையிலோ தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் சற்று உரத்து ஒலித்தாலும் கியர் பெட்டிக்கு நிம்மதி. ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்துவது பெரும் தவறு; பிரேக்கைப் பயன்படுத்துங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, 'பி' நிலையில் வையுங்கள். எஞ்சினின் வெப்பம் இயல்பாக இருந்தால், உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். எண்ணெயைச் சுழற்றும் பம்பு எஞ்சினால்தான் இயங்குகிறது. எஞ்சின் நின்றால் எண்ணெய் குளிர்விப்பானுக்குப் போகாது. ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் காத்திருங்கள். இறங்கும்போதும் தாழ்ந்த கியரே பாதுகாப்பு. இல்லையேல் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

நல்லூர்ச் சகோதரருக்கு

இரு பட்டறையினரும் உண்மையில் ஒரு பாதியைச் சொல்லியிருக்கலாம். எண்ணெய் தீய்ந்து, அதில் தகடுகளின் துகள் மிதந்து, கியர் வழுக்குமானால், புதிய கூலர் எதையும் குணப்படுத்தாது. பெட்டியைப் பிரித்துப் பழுது பார்க்கத்தான் வேண்டும். அப்போது பழைய குளிர்விப்பானையும் மாற்றிவிடுங்கள். அதில் தங்கிய துகள்கள் புதுப்பித்த பெட்டியையும் கெடுத்துவிடும். எண்ணெய் சிவப்பாக, தெளிவாக இருந்தால், ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, எண்ணெயை மாற்றி, துணைக் குளிர்விப்பானைப் பொருத்துங்கள். பின்னர் அதே எடையோடு அதே மலையில் ஒருமுறை ஏறி, ஸ்கேனரில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பிருந்த எண்ணோடு ஒப்பிட்டால் பட்டறையின் வாக்கு எவ்வளவு பெறும் என்பது தெரிந்துவிடும்.

அதுவரை வாடகைக்கு மலைப்பயணம் ஏற்காதீர்கள். இரண்டு வார வருமானம் குறையலாம். பல்லாண்டு உழைப்பில் வாங்கிய வண்டியையும், உங்களை நம்பி ஏறும் குடும்பங்களையும் விட அந்த வருமானம் பெரிதன்று.