பத்துக்கும் பத்துக்கும் பொருந்தாது

ஒரு பெட்டியில் "10 ஸ்பீடு" ஷிஃப்டர். இன்னொன்றில் "10 ஸ்பீடு" டீரெய்லர். கம்பெனியும் ஒன்றே. மாட்டினால் கியர் ஒழுங்காக விழாது! இது வியாபாரமா, சூதாட்டமா?

விஷயம் சின்னது. ஷிஃப்டரை ஒரு தட்டு தட்டினால் கேபிள் சில மில்லிமீட்டர் நகரும். அந்த இழுப்புக்கு டீரெய்லர் செயினைச் சரியாக அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ள வேண்டும். இரண்டின் கணக்கும் ஒத்துப்போனால்தான் கியர். ஷிமானோவின் 9 ஸ்பீடில் ரோடு சைக்கிள் ஷிஃப்டரோடு மவுண்டன் சைக்கிள் டீரெய்லர் ஒத்துப்போனது. 2010-ல் மவுண்டன் சைக்கிளுக்கு 10 ஸ்பீடு வந்தபோது கேபிள் கணக்கை மாற்றினார்கள். உறவு முறிந்தது.

கேபிளில் அழுக்கு சேர்ந்தாலும் கியர் தடுமாறாமல் இருக்கத்தான் மாற்றம் என்பது கம்பெனி வாதம். நியாயம்தான், மாற்றட்டும். இணையத்தில் பொருத்த அட்டவணையும் இருக்கிறது. ஆனால் கடையில் கையில் இருப்பது பெட்டிதானே? அதில் கொட்டை எழுத்தில் இருப்பது பல்சக்கர எண்ணிக்கை. ஏமாந்தவன் இன்னொரு பாகத்துக்கும் பணம் அழ வேண்டியதுதான். பட்டன் அறுந்ததற்குச் சட்டையையே மாற்றிய கதை.

சோப்பு உறையில்கூட எடை போட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை வைக்கும் பாகத்தில் கேபிள் கணக்கை அச்சடிக்க என்ன கேடு? கேளுங்கள் மக்களே, கேட்டால்தான் போடுவார்கள்.