அடுப்படிக்கு இல்லாத ஞாயிறு



2020ஆம் ஆண்டு ஜூலையில் 5, 12, 19, 26 ஆகிய நான்கு ஞாயிறுகளிலும், ஆகஸ்டில் 2, 9, 16, 23, 30 ஆகிய ஐந்து ஞாயிறுகளிலும் தமிழகம் முழுவதும் தளர்வுகள் ஏதுமற்ற முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. பால், மருந்து, மருத்துவ அவசரம் ஆகியவை தவிர வேறெதற்காகவும் வெளியே செல்ல வழியில்லை. நோயையும் இழப்பையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். தருமபுரியில் வாழும் எங்கள் குடும்பத்துக்கு அந்த ஒன்பது நாள்களில் பெரிதாக எதுவும் நிகழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் ஒன்றும் நிகழாத அந்த ஞாயிறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் ஆண்கள் பிழைப்புக்காகப் பெங்களூரை நம்பியிருப்பவர்கள். வழக்கமான நாள்களில் சனிக்கிழமை இரவுப் பேருந்தில் வந்து, ஞாயிறு முழுவதும் உறங்கியும் உறவினரைப் பார்த்தும் கழித்து, திங்கள் விடியுமுன் திரும்பிவிடுவார்கள். மாநில எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்த அந்தக் காலத்தில் அவர்கள் வேலையின்றி வீட்டிலேயே இருந்தார்கள். பிள்ளைகளுக்கு மக்தப் மதரஸாவும் இல்லை. எங்கள் வீட்டில் நன்னிமா முதல் ஐந்து வயதுப் பேரன் வரை ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் மூன்று வேளை உணவு, நான்கு முறை தேநீர், அதற்குரிய பாத்திரங்கள். அத்தனையும் நடந்தது ஒரே அடுப்படியில்.

ஞாயிறன்று இறைச்சிக் கடை இல்லை என்பதால் சனிக்கிழமை மாலையே வாங்கி வைக்க வேண்டியிருந்தது. (கூட்டத்தைத் தடுக்க விதித்த ஊரடங்கு, முந்தைய நாள் மாலையில் கறிக்கடை வாசலில் தோளோடு தோள் உரசும் கூட்டத்தைக் கூட்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு ஞாயிறு கறி உண்ணாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று அன்று கேட்டவர்கள் மிகச் சிலரே.)

பள்ளிவாசல்கள் மார்ச் மாதமே மூடப்பட்டுவிட்டன. ஜூலையில் கிராமப்புறங்களின் சிறிய வழிபாட்டுத் தலங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது; நகரத்தின் பெரிய பள்ளிவாசல்கள் செப்டம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஆகவே ஐவேளையும் வீட்டிலேயே ஜமாஅத். இதில் மார்க்கத்துக்குப் புதிதாக ஒன்றுமில்லை. மழையும் சேறும் மிகுந்த நாளில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கச் செய்தார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். அதே அறிவிப்பை 2020 மார்ச்சில் குவைத்தின் பள்ளிவாசல்களிலிருந்து உலகமே கேட்டது.

ஆனால் லுஹர் நேரத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. கூடத்தில் பாய் விரித்து ஆண்களும் சிறுவர்களும் ஸஃப்பாக நிற்கும் அதே வேளையில்தான் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். சமைப்பவர் ஜமாஅத்தில் சேர முடியாது. எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி, அஸருக்குச் சற்று முன்பாகத் தனியே ஓர் மூலையில் அவர் தொழுது முடிப்பார். நாம் அறிந்த பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நடந்தது. இறைவனின் இல்லம் அடைக்கப்பட்ட நாளில் வீடே பள்ளிவாசலானது என்று அக்காலத்தில் பலரும் உருக்கமாகப் பேசினார்கள். அந்தப் பள்ளிவாசலில் உணவு சமைத்தவருக்கு மட்டும் இடமில்லாமல் போனதை எவரும் பேசியதாக நினைவில்லை.

எங்கள் நன்னிமா முதல் ஞாயிறன்றே ஒரு சட்டம் போட்டுவிட்டார். அடுப்படியில் இருப்பவள் உளூச் செய்து வந்து பின்வரிசையில் நிற்கும் வரை தக்பீர் கட்டக் கூடாது. லுஹருக்குத்தான் நேரம் தாராளமாக இருக்கிறதே என்றார். பசியோடு காத்திருப்பது எளிதன்று. ஆகவே வெங்காயம் உரிக்க ஒருவர், பாத்திரம் தேய்க்க ஒருவர், நன்னிமாவின் மேற்பார்வையில் சிறுவர்கள் பூண்டு தட்ட என்று வேலை தானாகவே பங்கானது. அறிவுரையால் நடக்காதது பசியால் நடந்தது!

இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டி முலைக்கா (ரலி) அவர்கள் உணவு சமைத்து நபி (ஸல்) அவர்களை அழைத்த செய்தி புகாரியில் உள்ளது. உண்டு முடித்ததும் நபியவர்கள் அவ்வீட்டாருக்குத் தொழுகை நடத்த எழுந்தார்கள். நாள்பட்ட பயன்பாட்டால் கறுத்துப்போன பாயொன்றை அனஸ் தண்ணீர் தெளித்து விரித்தார்கள். அனஸும் ஓர் அநாதைச் சிறுவரும் நபியவர்களுக்குப் பின்னால் நிற்க, அவர்களுக்கும் பின்னால் அந்த மூதாட்டி நின்றார்கள். சமைத்தவரும் அந்த ஜமாஅத்தில் இருந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததும் நாம் அறிந்ததே. அந்த ஹதீஸின் பிற்பகுதியைப் பேணுகிற ஆண்கள் முற்பகுதியை அவ்வளவாக நினைப்பதில்லை.

அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் 1, சனிக்கிழமை. மறுநாள் முழு ஊரடங்கு. குர்பானி இறைச்சியைப் பங்கிட்டு அன்றிரவுக்குள் அண்டை வீடுகளுக்கும் உரியவர்களுக்கும் சேர்த்தாக வேண்டும். கூடத்திலேயே எல்லோரும் அமர்ந்து கூறுபோட்டுப் பை கட்டினோம். மறுநாள் ஞாயிறன்று வீட்டில் எவருக்கும் எழ முடியவில்லை, ரசமும் அப்பளமும்தான். பெருநாள் காலத்தில் பெண்களின் இடுப்பு ஏன் வலிக்கிறது என்பதை எங்கள் வீட்டு ஆண்கள் அன்று தங்கள் இடுப்பிலேயே உணர்ந்தார்கள்.

பள்ளிவாசல் திறந்தது. ஆண்கள் ஜமாஅத்துக்குத் திரும்பினார்கள். அதுவே சரி, அதில் இரண்டாவது கருத்து எங்களுக்கு இல்லை. ஆனால் வெங்காயம் உரித்த கைகளும் அவற்றோடு சேர்ந்து ஏன் விடைபெற்றன என்பதுதான் எங்கள் கேள்வி. பள்ளிவாசல் திறந்ததற்கும் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியதற்கும் என்ன தொடர்பு? லுஹர் தொழுது வந்து பாயில் அமர்ந்தவுடன் ஆவி பறக்கும் சோறு வர வேண்டும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. ஞாயிறு என்றால் பிரியாணி என்பதும் ஃபர்ளு அல்ல.

பல ஊர்களில் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடமில்லை. எங்கள் தெருவிலும் இல்லை. அந்த ரமழானில் வீட்டுக் கூடத்தில் தராவீஹ் தொழுத எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஜமாஅத் தொழுகை கிடைத்ததே ஊரடங்கினால்தான். தொற்று ஓய்ந்ததும் அவர்கள் மட்டும் அதை இழக்க வேண்டுமா? ஆண்கள் பள்ளிவாசலில் லுஹர் தொழுது வரட்டும். வீட்டில் பெண்கள் தங்களுக்குள் ஜமாஅத் வைத்துத் தொழலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் அவர்கள் உரிய நேரத்தில் அவசரமின்றித் தொழ வேண்டும் என்பதில் எந்த வேறுபாடும் இல்லை.

அதற்கு வழி எளிது. பாங்கு சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார், பிற்பகல் பாத்திரங்கள் யாருடையவை என்று சனிக்கிழமை இரவே பேசிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இந்த ஞாயிறுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் என்று முடிவாகியிருக்கிறது. சிறுவர்கள் முகம் சுளிக்கிறார்கள்; களி கிண்டும் முறை அவர்களுடைய அத்தாவுக்கு வந்திருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.